பெறுபேற்றுக்கேற்ற நன்கொடையும் இங்கிலாந்தின் கிராமப் பாடசாலையும்

1862ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே நடைமுறைக்கு வந்த திருத்திய கல்விப் பிரமாணம் பாடசாலைப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை குறித்தது. ஆறு வயதைக் கடந்த பிள்ளை ஆண்டில் 200 வேளைக்கு மேல் வந்திருந்தால், வித்தியாதரிசியின் முன் பரீட்சைக்கு நிறுத்தப்படலாம். மூன்று பாடங்களிலும் தேறினால் பாடசாலைக்கு 8 சிலிங் உண்டு. வாசிப்பிலே தவறின் அதில் 2 சிலிங் 8 பென்ஸ் குறையும். எழுத்திலே தவறின் மேலும் அத்தொகை குறையும். எண்ணிலும் தவறின் ஒன்றும் எஞ்சாது. சராசரி வரவை நோக்கித் தலைக்கு 4 சிலிங் வேறாக வழங்கப்பட்டது. காலையும் மாலையும் தனித்தனி வேளையாகக் கணிக்கப்பட்டமையால் 200 வேளை என்பது 100 நாளே. நகரத்துப் பிள்ளைக்கு இது எளிதாகத் தோன்றலாம். உழவுக் கூலியாளின் பிள்ளைக்கு எளிதன்று.

இத்திட்டத்தை வகுத்த றொபேட் லோவைக் கருமித்தனம் ஒன்றையே நோக்கமாகக் கொண்டவரெனப் பழிப்பது முறையாகாது. 1858இல் நியமிக்கப்பட்டு 1861இல் அறிக்கை சமர்ப்பித்த நியூகாசில் ஆணைக்குழு, உபாத்தியாயர்கள் மேல்வகுப்பு மாணாக்கரிலே கருத்தூன்றி, கீழ்வகுப்புச் சிறுவரைக் கைவிட்டனர் எனக் கண்டது. பெரும்பாலான பிள்ளைகளோ மேல்வகுப்பை எட்டுமுன்னரே பாடசாலையை விட்டு நீங்கினர். கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளைக்கும் எழுத்தறிவு கிட்டல் வேண்டும் என்பது நேரிய நோக்கமே. ஆயினும் அரசிறைப் பணமும் மிச்சமாயிற்று. 1861இல் 8 இலட்சம் பவுணுக்கு மேலிருந்த கல்வி மானியம் 1865இல் ஏறத்தாழ 6½ இலட்சத்துக்கு இறங்கியது.

பரீட்சைக்கென ஆறு தராதரங்கள் வகுக்கப்பட்டன. முதலாந் தராதரத்துப் பிள்ளை ஓரசைச் சொற்களாலான கதையை வாசித்து, எழுத்துக்களைச் சொல்வதெழுதலாகச் சிலேற்றில் எழுதி, 20 வரை எண்களை அறிந்து, பத்துக்குட்பட்ட எண்களை வாயாற் கூட்டிக் கழித்தல் வேண்டும். ஆறாந் தராதரத்தான் புதினப்பத்திரிகையிலுள்ள ஒரு பந்தியை வாசிக்கும் ஆற்றலுடையவனாதல் வேண்டும். ஒருமுறை பரீட்சிக்கப்பட்ட பிள்ளையை அதே தராதரத்திலோ அதற்குக் கீழோ மீண்டும் நிறுத்தலாகாது என்பதும் விதி. இரண்டாவதிலே தவறியவனும் அடுத்த ஆண்டு மூன்றாவதற்கே நிற்றல் வேண்டும்! இலண்டன் மாநகரத்துப் பெரும் பாடசாலைக்கும், ஓரறையும் ஓர் உபாத்தியாயருமுடைய குக்கிராமப் பாடசாலைக்கும் அளவுகோல் ஒன்றே.

அக்கிராமப் பாடசாலையிற் கற்றோர் யாவர்? கொல்லன், தச்சன், சிறு கடைக்காரன் ஆகியோரின் பிள்ளைகள் சிலர். எஞ்சியோர் பண்ணைக் கூலியாட்களின் மக்கள். திங்கட்கிழமைதோறும் அவர்கள் ஓரிரு பென்ஸ் பாடசாலைக் கட்டணங் கொண்டுவருதல் வேண்டும். அதற்கு வகையற்ற வாரங்களிலே பிள்ளை வீட்டிலே நின்றுவிடும். அவர்களுடைய வரவை இன்று நாம் அறிவதற்குத் துணையாவது அதே பிரமாணம் விதித்த மற்றோர் ஏற்பாடு. தலைமையாசிரியர் ஒவ்வொருவரும் நிகழ்ச்சிக் குறிப்பேடு ஒன்றை எழுதிவரல் வேண்டுமென அது பணித்தது. இலங்கைப் பாடசாலைகளிற் பேணப்படும் சம்பவத் திரட்டை ஒத்ததே அது. சொந்த அபிப்பிராயம் எழுதலாகாது. நிகழ்ந்ததை மாத்திரம் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறிக்கப்பட்டவை தாமே பேசுகின்றன.

வசந்தத்தில் விதைத்த வயலிலே பறவை ஓட்டச் சிறுவர் சென்றனர். பின்னர் வயலிற் கல் பொறுக்கும் வேலை, கோடையில் வைக்கோற்புல் உலர்த்தல், அதன்பின் அறுவடை. அறுவடை விடுமுறையின் தொடக்கம் நாட்காட்டியைப் பார்த்தன்று, கதிரின் முதிர்ச்சியைப் பார்த்தே குறிக்கப்பட்டது. விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த பின்னரும், சிந்திய கதிர் பொறுக்கத் தாய்மாருடன் சென்ற பிள்ளைகள் திரும்பவில்லை. அப்பால் உருளைக்கிழங்கு கிளறும் காலம். சில இடங்களிற் பன்றிக்கென ஓக்குமரக் கொட்டை பொறுக்குங் காலம். மாரியிற் பனி வீழ்ந்தால் நல்ல சப்பாத்தில்லாதவர் வரார். தாய் வேலைக்குப் போனால் மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்து வீட்டிலிருப்பாள். சின்னமுத்தோ செங்காய்ச்சலோ பரவினால் வாரக்கணக்கிற் கதவடைப்பு. ஆண்டுதோறும் வேலை ஒப்பந்தம் மாறும் செப்ரெம்பர்க் கடைசியிலே குடும்பங்கள் வேறு பண்ணைகளுக்குப் பெயரும். அவ்வாண்டு முழுதும் கற்பித்த பிள்ளை, பரீட்சை நாளிலே வேறொரு பாடசாலையில் இருக்கும்.

இத்தகைய பாடசாலையின் பெறுபேறு தாழ்ந்தபோது குறைந்தது உபாத்தியாயரின் வரும்படியே. பல இடங்களில் அவர் வேதனத்தின் ஒரு பகுதி நன்கொடையிலே தங்கியிருந்தது. பரீட்சை அளந்தது அவரது கற்பித்தலை மாத்திரமன்று. அக்கிராமத்தின் கூலி வீதம், பயிர், வானிலை, தொற்றுநோய் அனைத்தும் அதே எண்ணுக்குள் அடங்கின. லோவின் திட்டத்தின் அடிப்படைப் பிழை இதுவே.

கற்பித்தலும் அதற்கேற்பச் சுருங்கியது. வரலாறும் பூமிசாத்திரமும் பணந் தாராமையாற் பின்தள்ளப்பட்டன. வித்தியாதரிசி கையிலெடுக்கும் வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் முன்னரே மனனஞ் செய்தனர்; புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தும் பிழையின்றி ஒப்புவித்தனர் என்று சொல்லப்படுவதுண்டு. எளிதிலே தேறக்கூடிய கூர்மதியாளனுக்கு மேலும் உழைத்தலால் இலாபமில்லை. 1851 முதல் வித்தியாதரிசியாகப் பணியாற்றிய கவிஞர் மத்தியூ ஆனல்ட் இம்முறையைத் தொடக்கத்திலேயே வன்மையாக எதிர்த்தார். பாடசாலைகளை உள்ளிருந்து கண்டவர் ஆதலின் அவர் கூற்றுக்கு மதிப்பு மிகுதி. 1867இல் வேறு பாடங்களுக்கும் நன்கொடை சேர்க்கப்பட்டமை சிறிதே ஆறுதலளித்தது.

1870ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பாடசாலைகளுக்குப் பொது ஆரம்பப் பாடசாலை என்னும் பெயரைச் சட்டத்தில் இட்டது. 1880இல் பத்து வயது வரை வரவு கட்டாயமாயிற்று. 1891இல் பெரும்பாலான பாடசாலைகளிற் கட்டணம் ஒழிந்தது. பெறுபேற்றுக்கேற்ற நன்கொடை 1890களிற் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதற்கு முன்னரே அது கடல் கடந்துவிட்டது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதையடுத்து, இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளும் அவ்விதிக்குள் வந்தன.

வித்தியாதரிசியின் ஆண்டறிக்கைச் சுருக்கமும் அக்குறிப்பேட்டிலே பெயர்த்தெழுதப்படுதல் வேண்டும் என்பது விதி. ஆகவே, ஆவணக் காப்பகங்களிலே எஞ்சியிருக்கும் அவ்வேடுகளில், எண்ணிலே பிள்ளைகள் பின்தங்கினர் என்னுங் கண்டனமும், அறுவடையால் வாங்குகள் வெறுமையாயின என்னுங் குறிப்பும் ஒருங்கே காணப்படுகின்றன.