பியூப்லோ மட்கலங்கள்
அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களில் வாழும் பியூப்லோ தொல்குடியினர், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சக்கரமின்றிக் கையாலேயே வனைந்துவரும் கலங்கள் இவை. வெடிப்பைத் தடுக்க மணலையோ எரிமலைச் சாம்பலையோ இடித்த ஓட்டுத்தூளையோ களிமண்ணில் கலந்து பிசைந்து, திரிகளாக உருட்டிச் சுற்றியடுக்கிச் சுவரெழுப்பி, சுரண்டிச் சமன்செய்து, களிக்குழம்பு பூசிக் கூழாங்கல்லால் மெருகேற்றுவர். யூக்கா என்னும் வறள்நிலச் செடியின் இலைநாரே மரபான தூரிகை. 1880களில் இருப்புப்பாதை வந்து, ஆலையில் செய்த பாத்திரங்கள் பரவியபின் இவற்றின் வீட்டுப் புழக்கம் குன்றினாலும், வெளியார் விரும்பி வாங்கியதால் கலை பிழைத்தது. அரிசோனாவின் ஹோப்பி நிலத்துக் குயவர் நம்பேயோ, சிக்யாட்கி என்னும் பாழடைந்த ஊரின் பழங்கோலங்களுக்குப் புத்துயிரளித்தார். நியூ மெக்சிகோவின் சான் இல்டெஃபோன்சோ என்னும் பியூப்லோ ஊரின் மரியா மார்ட்டினெஸ் (1887–1980), எரியும் சூளையைச் சாணத்தூளால் மூடிப் புகையை உள்ளடக்கி, பளபளக்கும் கருமையின்மேல் கணவர் ஹூலியன் தீட்டிய கோலம் மங்கிய கருமையாய்த் தெரியும் கலங்களைப் படைத்தார். நிறத்தைத் துறந்தே அழகைக் கூட்டிய இவ்வகை, 20ஆம் நூற்றாண்டுப் பியூப்லோ கலையின் உச்சங்களுள் ஒன்று எனத் தகும்.