தொழிலாளர் பணவனுப்பல் (இலங்கை)

வெளிநாட்டில் உழைக்கும் இலங்கையர் ஊரிலுள்ள குடும்பத்துக்கு அனுப்பும் பணத்தை மத்திய வங்கி ‘தொழிலாளர் பணவனுப்பல்’ என்ற தலைப்பில் கணக்கிடுகிறது. ஆடை ஏற்றுமதி, சுற்றுலா ஆகியவற்றோடு இதுவும் நாட்டின் முதன்மையான அந்நியச் செலாவணி வருவாய்களுள் ஒன்று. 2020இல் இவ்வழியில் வந்தது 710 கோடி அமெரிக்க டொலர்; அவ்வாண்டின் வர்த்தகப் பற்றாக்குறை ஏறத்தாழ 600 கோடி. கடனைப்போல இதற்கு வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. ஆனால் பணம் குடும்பத்துக்கு உரியது. எந்த வழியில் அனுப்புவது என்பதும் உழைப்பவரின் விருப்பம். இதன் பயன் நாட்டுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதை அந்த விருப்பமே தீர்மானித்து வந்திருக்கிறது.

முன்வரலாறு

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இலங்கை பணம் அனுப்பும் நாடாகவும் இருந்தது, பெறும் நாடாகவும் இருந்தது. மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் தமிழகத்திலிருந்த உறவினருக்கு அனுப்பிய பணம் வெளியே போனது. அதே காலத்தில் மலாயாவின் ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் வேலைபார்த்த யாழ்ப்பாணத்தவரின் சம்பளமும், பின்னர் அவர்களது ஓய்வூதியமும் குடாநாட்டுக்கு வந்தன. கல்வீடுகளும் கோயில் திருப்பணிகளும் பிள்ளைகளின் படிப்பும் அந்தக் காசில் நடந்தன. கொழும்பில் அரச உத்தியோகம் பார்த்தவர்களின் பணமும் இதோடு சேர, யாழ்ப்பாணத்து வாழ்வுக்கு ‘மணியோடர் பொருளாதாரம்’ என்றே பெயர் வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு செலாவணித் தட்டுப்பாடு தொடங்கியது. 1953ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பணம் வெளியேறுவதை இறுக்கியது. 1968இல் இரட்டை நாணயமாற்று வீதம் நடைமுறைக்கு வந்தது. 1956க்குப் பின் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் பிரித்தானியா முதலிய நாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள் என்றாலும், அவர்களுள் பலர் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டதால் ஊருக்கு வந்த பணம் பெரிதல்ல.

வளைகுடாக் காலம்

இரண்டு நிகழ்வுகள் நிலைமையை மாற்றின. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டுமான வேலை பெருகியது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இரட்டை வீதம் ஒழிந்து, டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 16 ரூபாவாக ஆனது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவாகி, முகவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதும் போகிறவர்களைப் பதிவுசெய்வதும் அதன் பொறுப்பாயின.

முதலில் போனவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். பின்னர் சவூதி, குவைத் வீடுகளுக்குப் பணிப்பெண்கள் தேவைப்பட்டனர். ஆண்கள் முகவருக்குக் காசு கட்டிப் போகவேண்டியிருக்க, பணிப்பெண்ணின் பயணச் செலவை எடுப்பிக்கும் வீட்டார் ஏற்பது பரவலாயிற்று. நகையோ காணியோ இல்லாத வீட்டுக்கும் வெளிநாட்டு வேலை எட்டியதற்கு இதுவே காரணம். 1990களின் நடுப்பகுதியில் போனவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். குருநாகல், கொழும்பு, கம்பஹா, கண்டி, மட்டக்களப்பு ஆகியவை கூடுதலானோரை அனுப்பிய மாவட்டங்களுள் அடங்கும்.

1990இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது பல்லாயிரக்கணக்கான இலங்கையர் வெறுங்கையோடு திரும்பினார்கள். தொலைதூரத்துப் போர் ஒன்று உள்ளூர்க் குடும்பங்களின் மாதச் செலவைக் குலைக்கும் என்பதை நாடு அப்போது கண்டது.

போரும் புலம்பெயர்வும்

1983 ஜூலைக் கலவரத்தின் பின் கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்குப் போன தமிழர் ஒப்பந்தத் தொழிலாளர் அல்லர், அகதிகள். அவர்கள் அனுப்பிய காசு போர்க்காலம் முழுவதும் வடக்கு கிழக்கில் பல வீடுகளைத் தாங்கியது. வங்கிச் சேவை தடைப்பட்ட இடங்களில், வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் பணத்தைக் கைமாற்றும் உண்டியல் முறையே கைகொடுத்தது. போர் முடிந்த பிறகு காணி வாங்கவும் வீடு கட்டவும் இக்காசு வந்தபோது, உள்ளூர்ச் சம்பளத்தில் வாழ்பவர் காணி வாங்குவது கடினமாயிற்று.

ஊரில் செலவாகும் விதம்

முதல் மாதங்களின் பணம் பெரும்பாலும் கடனுக்கே போகும்: முகவருக்காக வாங்கியது, அடகிலிருக்கும் நகையை மீட்பது. அடுத்தது வீடு. அத்திவாரம் ஒரு ஒப்பந்தத்தில், சுவர் இரண்டாவதில், கூரை மூன்றாவதில் என்று கட்டி முடிக்கப் பல பயணங்கள் எடுக்கும். பிள்ளைகளின் ரியூஷன், சீதனம், வைத்தியச் செலவு ஆகியவை கூடவே வரும். தொழிலில் முதலீடாவது குறைவு. ஓட்டோ, சிறு கடை என்ற அளவில் நின்றுவிடும். இதை வீண்செலவு என்று பொருளாதார அறிஞர் சிலர் குறை கூறியதுண்டு. ஆனால் மேசனின் கூலியாகவும் சீமெந்துக் கடையின் விற்பனையாகவும் அதே பணம் ஊருக்குள் சுற்றியது. வறுமை குறைந்ததில் அதற்குப் பங்குண்டு.

தாய் இல்லாத வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தது, சம்பளம் மறுக்கப்பட்டது, துன்புறுத்தல் ஆகியவை இக்கணக்கின் மறுபக்கம். மூதூரைச் சேர்ந்த இளம் பணிப்பெண் ஒருவருக்கு 2013 ஜனவரியில் சவூதியில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டபின், பணிப்பெண்ணாகப் போவதற்கான குறைந்தபட்ச வயதெல்லை உயர்த்தப்பட்டது. சிறு பிள்ளைகளுடைய தாய்மாரை மட்டுப்படுத்தக் குடும்பப் பின்னணி அறிக்கையும் கட்டாயமாயிற்று. பெண்களின் பங்கு குறைந்தது. ஆண்கள் கட்டாருக்கும், அரசுகளுக்கிடையிலான உடன்பாட்டின்படி தென்கொரியாவுக்கும் போனார்கள்.

2021–22 நெருக்கடி

2021இன் பிற்பகுதியில் டொலரின் விலையை மத்திய வங்கி 200 ரூபாவை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. வெளிச்சந்தையில் விலை அதைத் தாண்டி ஏறியது. 100 டொலருக்கு வங்கியில் 20,000 ரூபா சொச்சமே கிடைத்த காலத்தில் உண்டியல்காரர் அதைவிட ஆயிரக்கணக்கில் கூடக் கொடுத்தார்.

உண்டியலின் நடைமுறை எளிது. டோஹாவில் தொழிலாளி ரியாலை ஒருவரிடம் கொடுப்பார். சில மணி நேரத்தில் ஊரிலுள்ள கூட்டாளி வீட்டுக்கு ரூபா கொண்டுபோய்க் கொடுப்பார். குடும்பத்துக்குக் காசு குறைவதில்லை. ஆனால் அந்த ரியாலும் அதற்கு ஈடான டொலரும் இலங்கை வங்கிக்கு வருவதேயில்லை. உத்தியோகபூர்வ விலையில் டொலர் கிடைக்காத இறக்குமதியாளர் அதை உண்டியல்காரரிடம் வெளிநாட்டிலேயே வாங்கிக்கொள்வார்.

2021 ஜனவரியில் 67.5 கோடி டொலராக இருந்த மாதாந்தப் பணவனுப்பல் 2022 ஜனவரியில் 25.9 கோடியாக வீழ்ந்தது. டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை என்ற 2021 டிசெம்பர் அறிவிப்பு இடைவெளியை அடைக்கப் போதவில்லை. ஆண்டுத் தொகை 2021இல் 549 கோடி, 2022இல் 379 கோடி. இறக்குமதிக்கு டொலர் போதாமல், எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2022 மார்ச்சில் ரூபாவின் பிடி தளர்ந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. சுற்றுலா வீழ்ச்சி, வரிக்குறைப்பு, பழைய கடன்சுமை எல்லாம் நெருக்கடிக்குக் காரணங்கள். வங்கியைத் தவிர்த்த தொழிலாளர் பணம் அதை விரைவுபடுத்தியது.

மீட்சியும் மதிப்பீடும்

டொலர் விலை சந்தையை ஒட்டி வந்ததும், 360 ரூபாவரை ஏறிப் பின் இறங்கி நிலைபெற்றதும், உண்டியலின் கவர்ச்சி மங்கியது. அதே வேளை, 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். பணவனுப்பல் 2023இல் 597 கோடிக்கும் 2024இல் 657 கோடிக்கும் மீண்டது.

வளர்ந்துவரும் நாடுகளில் இப்பணம் நெருக்கடியிலும் குறையாது என்ற பொதுக் கருத்துக்கு இலங்கை அனுபவம் ஒரு திருத்தம் சேர்க்கிறது. 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளில் குறைந்தது வங்கியூடாக வந்த டொலர். வீடுகளுக்குப் போன காசு அதே அளவுக்குக் குறையவில்லை. இப்பணத்தை நம்பி இறக்குமதி செய்த நாடு, அதற்கு உரிய விலை கொடுக்க மறுத்தபோது அதை இழந்தது. வருவாய் திரும்பிவிட்டாலும், அதை ஈட்ட ஆண்டுக்கு 3 லட்சம் பேரை வெளியே அனுப்பவேண்டிய நிலை தொடர்கிறது. உள்ளூரில் மேசன், தாதி, பொறியியலாளர் தட்டுப்பாடும் அதன் விளைவே.