கதிர் கட்டிய வாசல்: நாடுகாணி வட்டாரத்தின் கூதிர்கால வீட்டலங்காரம்

பழந்தமிழ் இலக்கண மரபு ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர்ப் பருவம் என வகுத்துள்ளது. தமிழகச் சமவெளிக்கு இது பெருமழை தொடங்கும் காலமாக இருக்க, நீலகிரியின் மேற்குச் சரிவில், கூடலூரிலிருந்து நிலம்பூருக்கு இறங்கும் மலைப்பாதையின் தலைப்பில் அமைந்த நாடுகாணிக்கு இதன் இயல்பு வேறு. ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவமழையில் ஊறிக் கிடந்த நிலத்தில் வெயில் மீண்டும் படிந்து, பள்ளத்தாக்கு வயல்களில் நெல் கதிர்விடும் காலம் அது. ஆகவே இவ்வட்டாரத்தில் கூதிர்கால வீட்டலங்காரம் என்பது முதன்மையாக நெற்கதிரைக் கொண்டே அமைந்தது.

கதிரைக் கொண்டுவந்து புதிய அரிசியை வீட்டுக்கு வரவேற்கும் சடங்கு புத்தரி எனப்படுகிறது. கூடலூரை அடுத்த புத்தூர்வயலில் ஐப்பசி 10 அன்று இது இன்றும் நடைபெறுகிறது. பழங்குடியினரும் செட்டி சமூகத்தினரும் கூடி, இசை முழங்க வயலில் இறங்கி, முதற்கதிர்களை அறுத்துக் கோயிலில் படைத்த பின் மக்களுக்குப் பகிர்ந்தளிக்க, அவரவர் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். மலபாரில் இதன் நெருங்கிய உறவான இல்லம்நிறை என்னும் சடங்கில், சாணத்தால் மெழுகி அரிசிமாவுக் கோலமிட்ட வீட்டுக்குள் விளக்கின் முன்னே கதிர்க்கட்டு கொண்டுவரப்பட்டு, ஆல், மா, பலா, மூங்கில், நெல்லி முதலியவற்றின் இலைகளோடு சேர்த்துக் கதவிலும் தூணிலும் பத்தாயத்திலும் பொருத்தப்படும். பத்தாயம் என்பது நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி. குடகிலும் புத்தரி நாளில் இலைகளோடு கட்டிய கதிர்களை வீட்டில் தொங்கவிடுவர். கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலில் நடக்கும் நிறைபுத்தரிசிப் பூசையின் கதிர்களும் இவ்வாறே வீடுகளைச் சேர்கின்றன.

குமரியில் இச்சடங்கு ஆடி, ஆவணியை ஒட்டி வருவதற்கும் கூடலூரில் ஐப்பசி வரை காத்திருப்பதற்கும் காரணம் வேளாண்மையே. முன்னாள் திருவிதாங்கூர்ப் பகுதியில் முதற்போகம் ஆடியளவில் முற்றிவிடும். கூடலூரை உள்ளடக்கிய வயநாட்டு மேட்டுநிலத்திலோ பருவமழையை நம்பி நடும் நஞ்சை நெல் கூதிரில்தான் கதிர் காட்டி, மார்கழி, தையில் அறுவடைக்கு வரும். வீட்டு வாசலின் ஒப்பனை நாளை நிலமே நிர்ணயித்தது என்பது இவ்வலங்கார வரலாற்றின் மையமான செய்தி.

இப்பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தின் தென்கிழக்கு வயநாடாக இருந்து, பின்னரே நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்மி உரிமையில், அதாவது பரம்பரை நிலவுடைமையில், இருந்தது. ஓணத்துக்கு அத்தம் நாள் தொட்டுப் பத்து நாள் முற்றத்தில் பூக்களம் இடும் வழக்கம் இங்கு வேரூன்றியதற்கு இத்தொடர்பே அடிப்படை. ஆனால் வாசலில் தொங்கிய கதிரை விளைவித்த பணியர் பழங்குடியினரின் உழைப்பு நெடுங்காலம் அடிமை உழைப்பாகவே இருந்ததை மறந்துவிட்டு இவ்வலங்காரத்தின் அழகைப் போற்றுவது நேர்மையாகாது.

1845இல் கூடலூரை அடுத்த அவுக்டர்லோனி பள்ளத்தாக்கு தோட்ட முதலீட்டாளர் கண்ணில் பட்டதிலிருந்து நிலத்தின் முகம் மாறியது. காப்பி வந்தது, 1880ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் தங்கவேட்டை எழுந்து சில ஆண்டுகளில் அடங்கியது, பின்னர்த் தேயிலை நிலைபெற்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்கு வேலையளிக்க அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட, அவை 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின்கீழ் இயங்கின. லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியேறிய இம்மக்களுக்கு வயலும் இல்லை, பத்தாயமும் இல்லை. தேயிலைக் கொழுந்து வாசலில் தொங்கவிடும் பொருளன்று. எனவே அவர்களின் புரட்டாசி, ஐப்பசி அலங்காரம் ஆயுதபூசைக்கு மாவிலைத் தோரணமும் வாழைக்கன்றும் கட்டுவதிலும், தீபாவளிக்கு முன் சுவருக்கு வெள்ளையடிப்பதிலும் அமைந்தது. ஒற்றை அறையே வீடாக இருந்த இடத்தில் புதிதாக வெள்ளையடித்த சுவரும் தக்க அலங்காரமே. கதிர்க்கட்டுக்குச் சற்றும் குறையாத மதிப்பை அதற்கு வரலாற்றாசிரியர் அளிக்க வேண்டும்.

இன்று பூக்களத்துக்கான செண்டுமல்லி குண்டல்பேட்டை வயல்களிலிருந்து வண்டியில் வருகிறது. வயல்கள் பலவற்றில் நெல்லுக்கு மாற்றாக வாழையும் இஞ்சியும் வந்துவிட்டன. முன்பு தன் வயலில் அறுத்த கதிரை வாசலில் கட்டிய குடும்பம் இப்போது கோயிலில் தரும் ஒரு பிடிக் கதிரையே நம்பியிருக்கிறது. எந்தச் சமூகம் எந்த இலையைக் கதிரோடு சேர்த்துக் கட்டியது, வீட்டின் எவ்விடத்தில் முதலில் கட்டியது என்பன போன்ற நுட்பங்கள் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. நீலகிரியின் வரலாற்றை எழுத முற்படுவோர் தோட்டங்களின் ஆவணங்களோடு நின்றுவிடாமல், அடுத்த ஐப்பசியிலேனும் இவ்வூர் வாசல்களுக்கு வந்து அந்நுட்பங்களைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.