கிளினிக் கொப்பியில் இல்லாத குளிசை

"கிரியேற்றினின் நோர்மல் எண்டுதானே போட்டிருக்கு. பிறகேன் தம்பி என்னைக் கிளினிக்குக்கு வரச் சொல்லுகினம்?" வன்னியில் அயலவர்களுக்கு இரத்தப் பரிசோதனை றிப்போட்டை வாசித்துச் சொல்லும்போது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. றிப்போட் ஆங்கிலத்தில் இருக்கிறது. விளக்கிச் சொல்ல வைத்தியருக்கு நேரம் கிடைப்பதில்லை.

கிரியேற்றினின் தசைகளில் உண்டாகும் கழிவு. சிறுநீரகத்தின் வடிகட்டல் குறைந்தால் அது இரத்தத்தில் தேங்கும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. 1.2 என்றால் 25 வயது இளைஞனுக்கு வடிகட்டல் வீதம் ஏறத்தாழ 86. அதே 1.2, 70 வயது அம்மாவுக்கு 50க்கும் கீழே. றிப்போட்டில் 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' என்றிருப்பது இந்த வீதம்தான். மூன்று மாதங்களுக்கு மேல் அது 60க்குக் கீழேயே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் டயலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு வரும். அதுவரை உடம்பில் பெரிதாக ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். வீதம் நன்றாக இருந்தாலும் சிறுநீரில் தொடர்ந்து புரதம் போனால் அதுவும் நோய்தான்.

இன்னொரு குழப்பம் அலகு. ஓரிடத்தில் 1.2 என்றும் வேறோரிடத்தில் 106 என்றும் வரும். முதலாவது மில்லிகிராம், மற்றது மைக்ரோமோல். 1.2ஐ 88ஆல் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றே. ஒரே கிழமையில் நூறு மடங்கு ஏறிவிட்டதென்று அழுதவரைக் கண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கிட்னி வருத்தம் என்றதும் கிணற்றுத் தண்ணீரைத்தான் பேசுவார்கள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்டு, வவுனியாவிலும் காணப்படும் காரணம் தெரியாத சிறுநீரக நோயால் வந்த பயம் அது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் வடிகட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்துக்கொண்டே பிறஷரையும் சலரோகத்தையும் கவனிக்காமல் விடுகிறோம்.

எனக்கு அதைவிடக் கவலை, நோக் குளிசை. உடம்பில் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்களும், கால் இழந்து செயற்கைக் காலோடு நடப்பவர்களும் வருடக்கணக்காக டைக்குளோபினாக், இபுபுரோபன் போடுகிறார்கள். கடையில் கேட்டால் கிடைக்கிறது, கிளினிக் கொப்பியில் அது ஏறுவதில்லை. இந்தக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. பிறஷருக்கு லொசாற்றனோ எனலாபிரிலோ, கால் வீக்கத்துக்குச் சிறுநீர் போகும் குளிசையோ எடுப்பவர், வெயிலில் வேலைசெய்து தண்ணீர் வற்றிய உடம்போடு இதையும் போட்டால் சில நாட்களிலேயே சிறுநீரகம் படுத்துவிடலாம். அதற்காக லொசாற்றனை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது பல நோயாளருக்குச் சிறுநீரகத்தைக் காக்கவும் தரப்படுகிறது.

நோவைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது அநியாயம். பரசிற்றமோலை வைத்தியர் சொன்ன அளவில் எடுக்கலாம். வெட்டிய காலில் வரும் நரம்பு வலிக்குக் கபாபென்ரின், பிரிகபலின் உண்டு. வடிகட்டல் வீதத்தைப் பார்த்து அவற்றின் அளவைக் குறைக்க வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் காமரங்காயை முற்றாக விடவேண்டும். அது விக்கல், மயக்கம், உயிராபத்து வரை கொண்டுபோயிருக்கிறது.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கடையில் வாங்கிய குளிசை மட்டைகளையும் நாட்டு மருந்துப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் மட்டையிலுள்ள பெயரை வாசிப்பார்.