இரவல் மகிழுந்து விபத்தும் காப்பீடும்

இரவல் மகிழுந்து விபத்து என்பது ஒருவருக்குச் சொந்தமான மகிழுந்தை, அவருடைய இசைவுடன் வேறொருவர் வாடகையின்றி ஓட்டும்போது நேரும் விபத்தைக் குறிக்கும். இந்தியாவில் இத்தகைய விபத்துக்குரிய காப்பீட்டுப் பொறுப்பு பெரும்பாலும் ஓட்டியவரைச் சாராமல் வாகனத்தையும் அதன் உரிமையாளரையும் சார்ந்தே அமைகிறது. எடுத்துக்காட்டாக, ஆரணியில் உள்ள ஒருவரின் மகிழுந்தை அவரது உறவினர் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஓட்டிச் செல்லும் வழியில் விபத்து நேர்ந்தால், இழப்பீடு உரிமையாளரின் காப்பீட்டிலிருந்தே கோரப்படும்.

சட்ட அடிப்படை

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 146 ஆம் பிரிவு, பொதுச் சாலையில் ஓடும் வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. தகுந்த ஓட்டுநர் உரிமம் உடைய எவரும் உரிமையாளரின் இசைவுடன் வாகனத்தை ஓட்டலாம் என்பது தனியார் மகிழுந்துக் காப்பீடுகளின் வழமையான நிபந்தனை ஆகும். வாடகை பெற்றுக்கொண்டு மகிழுந்தைக் கொடுப்பது இந்நிபந்தனைகளை மீறுவதாகும்.

காப்பீட்டுக் கட்டணத்தில் விளைவு

மூன்றாம் தரப்புக் கட்டணத்தை நடுவண் அரசு அறிவிக்கிறது. தனியார் மகிழுந்துகளுக்கு இது பொறியின் கொள்ளளவைப் பொறுத்தது. 2022 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1000 கன செ.மீ.க்கு மேற்படாத மகிழுந்துக்கு ஆண்டுக் கட்டணம் 2,094 ரூபாய் ஆகும். ஓட்டியவரின் தவறால் இக்கட்டணம் உயர்வதில்லை.

சொந்தச் சேதக் காப்பீட்டில் நிலைமை வேறு. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 விழுக்காடு எனப் படிப்படியாகக் கட்டணச் சலுகை வழங்கப்படுகிறது. இரவல் பெற்றவர் ஏற்படுத்திய சேதத்திற்கு இழப்பீடு கோரினாலும் உரிமையாளரே இச்சலுகையை இழக்கிறார். சலுகைக்கு முன் கட்டணம் 10,000 ரூபாய் எனில், 50 விழுக்காடு சலுகையில் 5,000 செலுத்தியவர் அடுத்த ஆண்டு முழுத்தொகையும் செலுத்த நேரிடும். எனவே சிறு சேதங்களைச் சொந்தச் செலவில் பழுதுபார்ப்பது சில வேளைகளில் ஆதாயமாகும். சலுகையைக் காக்கும் கூடுதல் காப்பையும் நிறுவனங்கள் விற்கின்றன.

பிரித்தானியாவில் ஓட்டுநர்களின் பெயர், அகவை, விபத்து வரலாறு ஆகியவை கட்டணத்தைத் தீர்மானிப்பதால், காப்பீட்டில் குறிப்பிடப்படாதவர் ஓட்டினால் காப்பே இல்லாமற் போகக்கூடும்.

உரிமம் இல்லாத ஓட்டுநர்

உரிமம் இல்லாதவர் ஓட்டியதாலேயே காப்பீட்டு நிறுவனம் பொறுப்பிலிருந்து விடுபடாது என்றும், உரிமையாளரின் கவனக்குறைவை அது மெய்ப்பிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சுவரண் சிங் வழக்கில் (2004) தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் இழப்பீட்டை வழங்கிவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் அத்தொகையை வசூலிக்குமாறு நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு. 2019 திருத்தச் சட்டத்தின் 199அ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றமிழைத்தால் பாதுகாவலர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம்.

இரவல் பெற்றவரின் நிலை

இரவல் பெற்று ஓட்டுபவர் மூன்றாம் தரப்பினராகக் கருதப்படுவதில்லை. இரவல் மோட்டார் சைக்கிளில் சென்றவர் மாட்டுவண்டியில் மோதி இறந்த நிங்கம்மா வழக்கில் (2009), அவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் என்றும், அன்றைய 163அ பிரிவின் கீழ் அவரது குடும்பம் அவ்வாகனத்தின் காப்பீட்டில் இழப்பீடு கோர இயலாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. இராம்கிலாடி வழக்கிலும் (2020) இக்கருத்து உறுதிசெய்யப்பட்டு, ஒப்பந்தப்படியான தனிநபர் விபத்துக் காப்புத் தொகையான 1 இலட்சம் ரூபாய் மட்டுமே குடும்பத்தினருக்குக் கிடைத்தது. விபத்துக்குக் காரணமான வேறு வாகனம் இருப்பின், அதன் உரிமையாளர் மீதும் காப்பீட்டு நிறுவனம் மீதும் வழக்குத் தொடரலாம்.