குதிரைக்கு யார் அண்ணன், யார் தம்பி?

புனேயைச் சுற்றிக் குதிரைப் பண்ணைகள் நிறைய. ரேஸ் பேச்சு காதில் விழாமல் இங்கே குடியிருக்க முடியாது. அதில் அடிக்கடி வருகிற வார்த்தை 'ஹாஃப் பிரதர்'.

ஒரே அப்பா, வேறு அம்மா என்றாலும் நம் வீடுகளில் அண்ணன் தம்பிதான். பந்தயக் குதிரைகளில் அப்படி இல்லைங்க. அம்மா ஒன்றாக இருந்தால்தான் 'ஹாஃப் பிரதர்'. அப்பா மட்டும் ஒன்று என்றால் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள்.

காரணம் எளிது. பெண் குதிரை 11 மாதம் சுமந்து, வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். பேர்போன பொலிகுதிரைக்கோ ஒரே வருஷத்தில் 100 குட்டிகூடப் பிறக்கும். அத்தனையும் சகோதரர் என்றால் சொல்லுக்கு என்ன மதிப்பு?

ஆனால் சரித்திரத்தில் பேர் வாங்கியது அப்பாக்கள்தான். தரோபிரெட் என்றாலே பயர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்று மூன்று ஆண் குதிரைகளைச் சொல்வார்கள். 1764-இல் பிறந்த எக்லிப்ஸ் உலகப் புகழ். அதன் தாய் ஸ்பிலெட்டாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

புரூஸ் லோ என்ற ஆஸ்திரேலியர், இங்கிலாந்தின் வம்சாவளிப் பதிவேட்டில் தாய்வழியாகவே பின்னோக்கிப் போனார். டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் ஜெயித்த குதிரைகளை எண்ணி, தாய் வம்சங்களுக்கு 1 முதல் 43 வரை எண் போட்டார். அவர் இறந்த பிறகு 1895-இல் அது புத்தகமாக வந்தது. எண்ணை வைத்து வெற்றியைக் கணிக்கும் அவர் கணக்கு எடுபடவில்லை. தாய்களுக்குப் போட்ட எண்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன.

'சகோதரன்' என்ற வடசொல்லுக்கும் 'ஒரே வயிற்றில் பிறந்தவன்' என்றுதான் பொருள். உங்கள் வீட்டு வம்சாவளியை எழுதிப் பாருங்கள். கொள்ளுத்தாத்தா பெயர் வந்துவிடும். கொள்ளுப்பாட்டி பெயர்?