குடிநீர்: உரிமையும் தூய்மையும்

குடிநீரின் வரலாற்றில் இரு கேள்விகள் உள்ளன. நீரை எடுக்க யாருக்கு உரிமை உண்டு என்பது ஒன்று. எடுத்த நீர் உயிருக்குத் தீங்கற்றதா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்காக நம் முன்னோர் அடியும் உதையும் பட்டனர். இரண்டாவதற்கு அறிவியல் விடை தந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே நம் இளைஞர்கள் கற்க வேண்டும்.

நச்சுக் காற்றே காலராவைப் பரப்புகிறது என மருத்துவர் பலர் நம்பியிருந்த காலம் அது. 1854இல் இலண்டனில் அந்நோய் பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ வீடு வீடாகக் கணக்கெடுத்தார். நகரின் தென்பகுதியில் இரு கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் பதித்துத் தண்ணீர் விற்றன. லாம்பெத் கம்பெனி, கழிவு கலவாத மேற்பகுதியில் தேம்ஸ் ஆற்று நீரை எடுத்தது. சவுத்வார்க் வாக்ஸால் கம்பெனியோ கழிவு கலந்த பகுதியில் எடுத்தது. முன்னதன் நீரைக் குடித்த 10,000 வீடுகளுக்கு 37 பேர் மாண்டனர். பின்னதில் 315 பேர். தெரு ஒன்று, காற்று ஒன்று. நீர் மட்டுமே வேறு!

1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் வழங்கியது. காலராவுக்கு 8,000க்கு மேற்பட்டோர் பலியாயினர். அதே ஆற்றில் கீழே இருந்த அல்டோனா, மணலில் வடிகட்டி வழங்கியதால் பெரும்பாலும் தப்பியது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் குடிநீரில் நாள்தோறும் குளோரின் சேர்க்கத் தொடங்கியது. உலகம் அவ்வழியே சென்றது.

சென்னைக்கு 1872இல் புழல் ஏரி நீர் வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. ஆயின் நாட்டுப்புறங்களில் ஊர்ப் பொதுக்கிணறு நமக்கு அடைபட்டே கிடந்தது. மாடு இறங்கிக் கலக்கிய குட்டைநீரே பல சேரிகளின் குடிநீர். தீண்டாமை மானக்கேடு மட்டுமன்று. அது நோயும் ஆகும்.

பொதுக்குளங்களை அனைவருக்கும் திறக்க 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் இத்தகைய தீர்மானத்தை நிறைவேறச் செய்தார். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடு சவுதார் குளத்தில் இறங்கி நீர் பருகினார். உடனே சாதி இந்துக்கள், சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களை ஊற்றிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தனர்! மனிதன் கை பட்ட நீர் தீட்டாம். சாணம் கலந்த நீர் தூய்மையாம்! சடங்குத் தூய்மை வேறு, உடல்நலத் தூய்மை வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கமே தீர்ப்பளித்தது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் கிணறு, குளங்களில் பாகுபாட்டைத் தடுத்தது, தீண்டாமையை ஒழித்தது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. எனினும் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதற்குமுன் குழந்தைகள் நோயுற்றிருந்தனர். குழாய் வந்துவிட்டது என்பதனாலேயே காவலும் வந்துவிடவில்லை என்பதை இது உணர்த்துகிறது.

ஆகவே இளைஞர்களே, நங்கையரே! இந்தியக் குடிநீர்த் தர அளவுகளை அறிந்துகொள்ளுங்கள். 100 மில்லி லிட்டர் நீரில் மலக்கிருமி ஒன்றும் தென்படலாகாது. குளோரின் இட்ட நீர் குழாயில் வந்து சேரும்போது, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். வேறு நீர்வழி இல்லாவிடினும் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமை மிஞ்சலாகாது. மிஞ்சினால் பல்லும் எலும்பும் கெடும். தொட்டி எந்நாளில் கழுவப்பட்டது, நீர் எந்நாளில் சோதிக்கப்பட்டது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள். நம் முன்னோர் குளத்தில் இறங்கும் உரிமையை வென்று தந்தனர். அந்நீரைக் காக்கும் அறிவை நாம் பெறுவோம். அதுவே கல்வியின் பயன்.